ஒரு வீட்டுக்காக ஊர் சுற்றினோம்: நெல்லைச் சீமை நாட்குறிப்பு

திங்கள், பாளையங்கோட்டை

திருநெல்வேலிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் சுவர் எழும்பும் வரை உள்ளூர் கொத்தனாரை நம்புகிறார்கள். உள்வேலை என்று வந்ததும் கொச்சியில் யார் இருக்கிறார்கள், பெங்களூரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. இந்த ஊரிலேயே இன்டீரியர் டிசைனர்கள் இருக்கிறார்கள். தொழிலைப் படித்தவர்கள். இங்கத்திய வெயிலும் ஆடிக்காற்றும் தெரிந்தவர்கள். எந்தச் சாமானுக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அறிந்தவர்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதிப் பார்த்ததில்லை. அதனால் அவர்களில் ஒருத்தியோடு இந்த வாரம் சுற்றி, அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அவள் என் சிநேகிதியின் தங்கை. பாளையங்கோட்டையில் சின்னதாக அலுவலகம் வைத்திருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், சரி. மகாராஜநகர்ப் பக்கம் அவள் எடுத்திருக்கும் வீடு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால்காய்ப்பு. அதற்குள் பத்தமடைப் பாய், அம்பாசமுத்திரம் கடைசல், செங்கோட்டையிலிருந்து ஊஞ்சல் பலகை, மணப்பாட்டு ஓலை வேலை எல்லாம் வந்து சேர வேண்டும். "வாரீங்களாக்கா, சேர்ந்தே சுத்திட்டு வருவோம்" என்றாள்.

இன்று முதலில் வீட்டைப் போய்ப் பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஜன்னல்கள். தரையிலிருந்து ஒன்றரை அடியிலேயே தொடங்குகின்றன. இப்போது எல்லோரும் மூன்றடிக்கு மேலேதான் ஜன்னல் வைக்கிறார்கள், சோபா போட வசதி என்று. ஏன் இப்படி என்று கேட்டேன். இந்தக் குடும்பம் இதற்கு முன் டவுனில் ரத வீதிப் பக்கம் பழைய வீட்டில் இருந்தது. வேலையை ஒப்புக்கொண்டதும் இவள் செய்த முதல் காரியம், டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய வீட்டை அளந்ததுதான். திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு வீடு, அடுக்களை, புறவாசல் என்று நீண்டு போகிற நம்முடைய வழக்கமான வீடு. பட்டாசலில், அதாவது கூடத்தில், ஜன்னல் தாழ்வாக இருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்தாலும் படுத்தாலும் காற்று உடம்பில் படும். அந்த வீட்டு ஆச்சி மத்தியானம் அந்த ஜன்னலோரம் பாயை விரித்துத்தான் இத்தனை வருஷமாகப் படுத்திருக்கிறார். புது வீட்டில் அவரை மூன்றடி ஜன்னலுக்குக் கீழே படுக்க வைத்தால் வேர்த்துக் கொட்டும். இதை எந்தக் கேட்லாக்கிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ஆச்சி எங்கே படுக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும்.

அடுக்களையும் அப்படித்தான். கிரானைட் மேடை, இழுப்பறைகள், புகைபோக்கி எல்லாம் உண்டு. புறவாசல் கதவை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குச் சின்னத் திண்டு ஒன்றும் கட்டியிருக்கிறாள். ஆச்சி அதில் உட்கார்ந்து, எதிரே அரிவாள்மணையைப் போட்டுக் காய் நறுக்கலாம். முழங்கால் வலிக்குத் தரையில் சப்பணம் போட முடியாது, நின்றுகொண்டு கத்தியால் நறுக்கியும் பழக்கமில்லை. திண்டுக்குப் பக்கத்திலேயே அங்கணம், தண்ணீர் ஓட வாட்டத்தோடு. மருமகள் மேடையில் நின்று சமைக்க, மாமியார் திண்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை பார்க்க, ஒரே அடுக்களையில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

இவளுடைய தொழிலில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. மர வேலைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்றால் வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி யோசிப்பதற்கு என்று தனியாகக் கட்டணம் கேட்டால், "வரைஞ்சு குடுக்கதுக்கு எதுக்குத் தனியா ரூவா?" என்கிறார்கள். அந்த ஒன்றரை அடி ஜன்னலைச் சதுர அடிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? யோசனைக்குக் கூலி உண்டு என்பதை நம் ஊர் இன்னும் மனசார ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாளை பத்தமடை.

செவ்வாய், பத்தமடை

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். சேரன்மகாதேவி ரோட்டில் இரு பக்கமும் வயல். ஊருக்குள் நுழைந்ததும் தெருவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தறியெல்லாம் வீடுகளுக்குள்ளே இருக்கிறது. பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் உட்கார்ந்து நெய்து, எத்தனையோ வீடுகளின் உள்ளழகைத் தீர்மானித்தவர்கள். இன்டீரியர் டிசைனர் என்ற பட்டம் இவர்களுக்கும் சேர வேண்டும் என்பேன்.

நாங்கள் போன வீட்டில் அக்கா ஒருத்தரும் அவர் மகளும் தறியில் இருந்தார்கள். தரையோடு ஒட்டிய தறி. இரண்டு பக்கமும் மூங்கில் கழி, நடுவே இழுத்துக் கட்டிய பருத்திப் பாவு. மகள் நீளக் குச்சியில் கோரையைக் கோத்து ஒரு பக்கமிருந்து மறு பக்கம் செலுத்துகிறாள். அக்கா அச்சை இழுத்து அடித்து, ஓரத்தை மடக்கி முறுக்கி விடுகிறார். கோரை காய்ந்து ஒடிந்துவிடாமல் இருக்க நடுநடுவே தண்ணீர் தொட்டுத் தடவுகிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. குச்சி போய் வருகிற நேரமும் அச்சு இறங்குகிற நேரமும் தானாக இசைந்து நடக்கிறது.

கோரை தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளைவது. பச்சையாக அறுத்து, கீறி, காயப்போட்டு, பிறகு கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறவைக்கிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, தண்டின் உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றை நீக்கி, இன்னும் மெல்லிசாகக் கிழிக்கிறார்கள். ஒரு தண்டு எத்தனை இழையாகிறது என்பதில்தான் பாயின் தரமே இருக்கிறது. அந்த நயத்தை எண் போட்டுச் சொல்வார்கள். சாதாரணப் பாய் 50 எண்ணுக்குள் நின்றுவிடும். பட்டுப் பாய் என்று சொல்கிற நயமான பாய் 100ஐத் தாண்டி 140 வரை போகும். அதைக் கையில் வாங்கினால் துணியை வாங்கிய மாதிரி மடங்குகிறது. முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சாயம் எடுப்பார்கள், இப்போது கடைச் சாயம்தான் அதிகம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து தருவது இன்றும் நடக்கிறது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 1953இல் எலிசபெத் மகாராணி முடிசூடியபோது இங்கிருந்து பாய் போன கதையை ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்களுக்கு வேண்டியது படுக்கிற பாய் இல்லை. துணி அலமாரிக் கதவுக்குப் பாய். ஒட்டுப்பலகைக் கதவை அடைத்து மூடினால் ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே துணி முசுமுசுவென்று வாடை அடிக்கும். கதவுக்கு மரச்சட்டம் மட்டும் வைத்து, நடுவில் பத்தமடைப் பாயை இழுத்துப் பொருத்தினால் காற்று உள்ளே போய் வரும். பாயைப் பசை போட்டு ஒட்டப் போவதில்லை. பின்பக்கம் பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டையை வைத்து அழுத்துவதுதான் திட்டம். பத்து வருஷம் கழித்துப் பாய் நைந்தால் பீடிங்கைக் கழற்றி வேறு பாய் போட்டுக்கொள்ளலாம். அப்போது பத்தமடைக்கு இன்னொரு ஆர்டரும் வரும்.

இவள் வரைபடத்தில் கதவு நெடுக, மேலிருந்து கீழாக, மெரூன் நிறத்தில் மெல்லிய கோடுகள் போட்டிருந்தாள். அக்கா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து நன்றாகப் பார்த்தார். பிறகு விளக்கினார். பாயில் நெடுக்கே ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது கோரை. குறுக்கே கோடு வேண்டுமானால் சாயக் கோரையை நாலு இழை விட்டால் போதும். நெடுக்கே வேண்டுமானால் ஒவ்வொரு கோரையிலும் கோடு வருகிற இடத்தை மட்டும் பார்த்துச் சாயம் பிடிக்க வேண்டும். கூலி பல மடங்கு ஏறும், கோடும் நேராக நிற்காது.

"அப்போ என்ன செய்யலாங்கா?" என்று இவள் கேட்டாள்.

"பாயைக் குறுக்குக் கோடாவே நெஞ்சு தாரேன். நீ கதவுல திருப்பி அடி. கோடு நெடுக்க வந்துரும்லா."

அவ்வளவுதான். தாளை அங்கேயே திருப்பிப் போட்டு அளவை மாற்றி எழுதினாள். கதவின் உயரம் தறியின் அகலத்துக்குள் அடங்காது என்பதால் ஒவ்வொரு கதவையும் நடுவில் ஒரு சட்டம் கொடுத்து இரண்டு பட்டையாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தால் கதவு வளையாமலும் நிற்கும். அக்கா இன்னொன்றும் சொன்னார். முறுக்கிய கரை கை படுகிற பக்கத்தில் வரக் கூடாது, சட்டத்துக்குள் போய்விட வேண்டும், கை பட்டுப் பட்டுத்தான் பாய் கரையில் முதலில் பிரியும். ஒரு வீட்டுக் கதவு இப்படி இரண்டு பேர் தலை குனிந்து யோசித்து உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படித்தவள் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து கேட்டாள், நெய்கிறவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

முன்பணம் கொடுத்து எழுந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடாமல் விடவில்லை.

புதன், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் தெரியாத நெல்லைப் பெண் பிள்ளை உண்டா? அடுப்பு, குடம், ஆட்டுரல், திருகை என்று மரத்தில் கடைந்து சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஏற்றியது. மஞ்சக்கடம்பு மரத்தில் செய்தது நாள்பட நிற்கும் என்பார்கள். அந்த மரம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கிற மரத்தில் செய்கிறார்கள்.

சொப்பு செய்கிற அதே கடைசல் பட்டறையில் இழுப்பறைக் குமிழ், தொட்டில் கால், மாடிக் கைப்பிடிக்கு உருட்டுக் கம்பு எல்லாம் கடைந்து தருவார்கள் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இரும்புக் கடைக்குப் போய் எங்கோ செய்த குமிழை வாங்கி வருகிறார்கள். இந்த வீட்டில் எல்லா இழுப்பறைக்கும் அம்பாசமுத்திரத்துக் குமிழ்தான்.

பட்டறை அண்ணாச்சி மோட்டாரைப் போட்டு, சுழல்கிற கட்டையில் உளியை வைத்ததும் சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. குமிழ் உருவம் வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு அரக்குக் குச்சியை எடுத்தார். சுழலும் மரத்தில் அதை அழுத்தினால் உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடுகிறது. பெயின்ட் டப்பா, பிரஷ் ஒன்றும் கிடையாது. பிறகு ஓலையை மடித்துப் பிடித்துத் தேய்த்தார், மினுமினுவென்று வந்துவிட்டது.

இவளுக்கு அவ்வளவு மினுக்கு வேண்டாம். பாய்க் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய குமிழ், சற்று மங்கலாக இருந்தால்தான் சேரும். அண்ணாச்சி அடுத்த குமிழில் ஓலையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார். மங்கலான கருஞ்சிவப்பு. அதையே மாதிரியாக வைத்துக்கொண்டோம். குழந்தைகள் வாயில் வைத்துக் கடிக்கிற சாமானுக்கு ஏற்றிய வண்ணம் இது, வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் பயமில்லை என்று அவர் சொன்னதில் பெருமை தெரிந்தது. நியாயமான பெருமை.

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் தெரிந்த மாமி வீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னலுக்கே வழியில்லை. வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் கண் போகிறது. அதே கோட்டில்தான் காற்றும் போகிறது. இரண்டு சென்ட் மனையில் ஒட்டி ஒட்டி வீடு கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன் என்று இவள் படம் எடுத்துக்கொண்டாள். மாமி கொடுத்த காப்பி அருமை.

வியாழன், திருப்புடைமருதூர்

இன்று ஆர்டர் எதுவும் இல்லை. நான்தான் கூட்டிப் போகச் சொன்னேன். கடனா நதி தாமிரபரணியில் கலக்கிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். மருத மரங்களும் ஆற்றங்கரையும் சொல்லி முடியாத அழகு. ஆனால் நான் எழுத வந்தது ராஜகோபுரத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி.

கோயிலில் கேட்டு அனுமதி வாங்கி, குறுகலான படியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஐந்து நிலைக் கோபுரம். ஒவ்வொரு நிலையிலும் உள்ளே மரத் தூண்கள், உத்தரங்கள், போதிகைகள், எல்லாவற்றிலும் சிற்பம். சுவர்களில் ஓவியம். நாயன்மார் கதைகள், திருவிளையாடல்கள், விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூருக்கும் 1532இல் தாமிரபரணிக் கரையில் நடந்த போர், குதிரைகளை ஏற்றி வரும் கப்பல். வெளியே நின்று பார்க்கிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. உள்ளே ஏறி வருகிறவருக்காக மட்டும் செய்தது.

மூன்றாம் நிலையில் இவள் ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தாள். சின்ன வாசல் வழியாக வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துச் செதுக்கல் ஆழமாக இருக்கிறது என்று காட்டினாள். நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன், தடுத்துவிட்டாள். கை எண்ணெய் பட்டால் மரத்துக்கும் வண்ணத்துக்கும் கேடு. ஏறுகிறவர்கள் தயவுசெய்து தொடாமல் பாருங்கள். யாரோ பெயர் எழுதிவைத்திருப்பதையும் அங்கே பார்த்தேன், வயிறு எரிகிறது.

நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மர வேலைப்பாடும் குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர் ஓவியங்களும் எல்லோரும் அறிந்தவை. நடராஜருடைய ஐந்து சபைகளில் இரண்டு இந்த ஒரு சீமையில் இருக்கின்றன. ஒன்று மரமும் செம்பும், இன்னொன்று முழுக்கச் சித்திரம். மேற்கூரை, சுவர், தூண், வண்ணம் என்று உள்ளிடத்தை இவ்வளவு யோசித்துச் செய்த தச்சர்களும் ஓவியர்களும் வாழ்ந்த ஊரில், உள்வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

வெள்ளி, செங்கோட்டை, தென்காசி

ஊஞ்சல் பலகை எடுக்கும் நாள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியோடு இருந்த ஊர். அங்கே பழைய வீடுகளில் ஓட்டுக் கூரை, மரச் சுவர், மச்சு எல்லாம் மலையாளக் கையைக் காட்டும். அப்படிப்பட்ட வீடுகளை இடிக்கும்போது கதவும் நிலையும் உத்தரமும் பழைய மரக் கடைக்கு வந்துவிடுகின்றன. இடிப்பதைத் தடுக்க நம்மால் ஆகாது. மரத்தையாவது விறகுக்கு விடாமல் எடுக்கலாம்.

கூட வந்த ஆசாரி அண்ணாச்சி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு தேக்கு உத்தரத்தில் அழுக்கும் சுண்ணாம்புமாக இருந்த ஓரத்தை இழைப்புளியால் இரண்டே இழுப்பு இழுத்தார். உள்ளேயிருந்து பொன் நிறத்தில் ரேகை வந்தது. "வைரம் பாய்ஞ்ச கட்டை. இன்னும் மூணு தலமுறை ஆடும்" என்றார். எடுத்துக்கொண்டோம். பலகையாக அறுத்து, ஆணி அடிக்காமல் கழுந்து செருகிப் பூட்டித் தருவார்.

சாயங்காலம் தென்காசிக் கோபுர வாசலில் நின்றோம். ஆடி கடைசி, காற்று ஆளைத் தள்ளுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இது. சாரலும் லேசாக இருந்தது. வேறு எதுவும் எழுதுவதற்கில்லை, வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

சனி, மணப்பாடு

தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல். நிர்வாகத்துக்கு எப்படி வேண்டுமானாலும் பிரிக்கட்டும், கைவேலைக்கு இது ஒரே சீமைதான். திருச்செந்தூரைத் தாண்டித் தேரிக்காடும் பனையுமாகப் போய், கடலுக்குள் நீண்ட மணல் மேட்டில் நிற்கிற ஊர் மணப்பாடு. உச்சியில் திருச்சிலுவைக் கோயில்.

இங்கே பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, வாரி, சாயம் ஏற்றி முடைகிற வேலை. நாங்கள் சொல்லிவைத்திருந்தது விளக்கு மூடிகள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கப் போகிறவை. முதலில் முடைந்து வைத்திருந்த மாதிரியில் கண் இடுக்குகள் சமமாக இருந்தன. பல்பைப் போட்டுப் பார்த்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல விழுந்து சோறு பரிமாறுகிற இடம் தெளிவாகத் தெரியவில்லை. இவள் கீழ் வரிசையை மட்டும் நெருக்கி, மேலே இடைவெளி விடச் சொன்னாள். முடைகிற அக்காமார் நான்கைந்து பேர் கூடிப் பேசினார்கள். மேலே இடைவெளி விட்டால் மூடி தொய்ந்துவிடும். அதற்கு அவர்களே வழி சொன்னார்கள்: மூடியின் வாய் விளிம்பில் ஈர்க்கைச் சுற்றி வைத்துக் கட்டிவிட்டால் விறைப்பாக நிற்கும். அங்கேயே ஒன்றை முடைந்து ஓயரில் மாட்டிக் காட்டினார்கள். வெளிச்சம் தட்டு வைக்கிற இடத்தில் நேராக விழுந்தது, கூரையில் மட்டும் கோடு கோடாக நிழல்.

எல்இடி பல்பு அவ்வளவாகச் சூடாகாது என்பதால் இப்போது ஓலையில் தைரியமாக விளக்கு மூடி செய்ய முடிகிறது. பழைய குண்டு பல்பு காலத்தில் நினைத்தே பார்த்திருக்க முடியாது. புது வசதி ஒன்று பழைய கைக்கு வேலை கொண்டுவருவது அபூர்வம், இங்கே வந்திருக்கிறது. கூடை மட்டும் முடைந்தால் கிடைக்கிற கூலியைவிட இதில் நன்றாகவே கிடைக்கிறது என்று அவர்களும் சொன்னார்கள்.

வருகிற வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கினோம். அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காயோடு இந்தக் கருப்பட்டித் தண்ணீரையும் ஊற்றி அரைத்தார்கள் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். ஒரு சுவர் மட்டுமாவது அப்படிப் பூசிப் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. அடுத்த வீட்டுக்காரர் இடம் கொடுக்கட்டும்.

ஆவணி, முகூர்த்த நாள், பாளையங்கோட்டை

இடையில் எழுதவில்லை. பாய் வந்து, குமிழ் வந்து, பலகை வந்து எல்லாம் பொருத்துகிற வேலை. நேற்று இரவு பத்து மணிக்குத்தான் கடைசி விளக்கு மூடியை மாட்டினார்கள். இன்று விடியற்காலை பால்காய்ப்பு. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் குலவை போட்டார்கள்.

நம் பக்கத்தில் பால்காய்ப்பு அன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வது வழக்கம். இந்த வீட்டு அண்ணாச்சி அந்த வரிசையில் டிசைனரையும் நிறுத்தினார். தாம்பாளத்தில் சேலை, வெற்றிலை பாக்கு, பழம், கவரில் மீதிக் கட்டணம். யோசனைக் கட்டணமும் சேர்த்து, வெளிப்படையாக, எல்லோர் முன்னாலும். அப்புறம் பத்தமடை அக்காவையும் அவர் மகளையும் கூப்பிட்டு அவர்களுக்கும் சேலை கொடுத்தார். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி பேருந்து தாமதமாகிப் பந்தி நேரத்துக்குத்தான் வந்தார், அவருக்கு வேட்டியை எடுத்து வைத்திருந்தார்கள். மணப்பாட்டுக்காரர்களுக்கு நாளை கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

ஆச்சி அடுக்களைத் திண்டில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததும், "இன்னும் ரெண்டு விரக்கடை தாழ்த்தியிருக்கலாம்ட்டீ" என்றார். இவள் உடனே குனிந்து அளந்து குறித்துக்கொண்டாள். நாளை மறுநாள் கொத்தனார் வந்து மேல்தளத்தை எடுத்துத் தாழ்த்திக் கொடுப்பார். பிறகு ஆச்சி படுக்கையறைக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்தார், மூடினார், பாயைத் தடவினார். தன் கல்யாணத்துக்கு இப்படி ஒரு பாய் வந்தது என்றும் அதில் தாத்தா பெயர் கொஞ்சம் கோணலாக இருந்தது என்றும் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொதிச் சாப்பாடு. இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இரண்டாம் பந்தி உட்காரும்போது எதிர்வீட்டுக்காரர் ஒருவர், தன் வீட்டு அலமாரியில் ஒட்டுப்பலகை உப்பிக் கதவு சாத்த முடியாமல் நிற்கிறது, இந்த மாதிரி பாய்க் கதவு போட முடியுமா என்று கேட்டார். முடியும், சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றாள் இவள். அளவு எப்போது எடுக்க வரலாம் என்று அவர் கேட்க, இலையில் பாயசம் ஊற்றுவதற்குள் போய் வந்துவிடலாம் என்று எழுந்தே விட்டாள். பத்தமடை அக்காவும் சேலைப் பையை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் கூடவே கிளம்பினார், கோடு நெடுக்கா குறுக்கா என்று இப்போதே பேசிவிட வேண்டுமாம்.